கம்பெனி என்றால் கூட்டாஞ்சோறு

போன தை மாதம் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் படித்தவர். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். அவருடைய பிள்ளையும் என்னிடம் படித்தவன்தான்.

"பேரன் என்ன பண்றான் ஆயா?" என்று கேட்டேன்.

"கம்பெனில இருக்கான் சார்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எந்தக் கம்பெனி?"

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்த நிலா என்று கேட்டவனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. "கம்பெனிதான் சார்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையைக் குவித்தார்.

34 வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவன் நான். ஒரு சொல் மனதில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடமாட்டேன். பொன்னேரிக்குத் திரும்பி வந்ததும், பைண்டிங் விட்டுப்போன என் பழைய அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வகுப்பில் நூறு தடவை எழுதிப் போட்ட சொல்தான். ஆனால் அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

அகராதியில் கம்பெனிக்கு முதல் பொருள் தொழிற்சாலையும் இல்லை, ஆபீசும் இல்லை. துணை, கூட இருத்தல், தோழமை. அடுத்து, வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளிகள். அப்புறம் நாடகம் போடும் குழு. பட்டாளத்தில் ஒரு பிரிவு. ஒரு கப்பலில் வேலை செய்யும் அத்தனை பேரையும், தலைமை மாலுமி முதல் சமையல்காரர் வரை, 'கப்பலின் கம்பெனி' என்றே சொல்வார்கள். இவற்றோடு ஒன்றாகத்தான் வியாபாரத்துக்காகச் சேர்ந்தவர்களின் அமைப்பு என்பதும் வருகிறது.

சொல்லின் வேரைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். லத்தீனில் 'காம்' என்றால் கூட. 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன் 'கம்பானியன்'. அப்படிச் சேர்ந்து தின்கிற கூட்டம்தான் கம்பெனி. நம்மூரில் ரொட்டி என்பது காய்ச்சல் வந்தால் பாலில் தொட்டுத் தின்கிற பண்டம். ஆகவே நம் கணக்கில் அதைக் கூட்டாஞ்சோறு என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து, ஒரே பானையில் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து தின்றோமே, அதேதான்.

இந்தச் சொல்லுக்கும் நம் கரைக்கும் 400 வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. 1602ல் டச்சுக்காரர்கள் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1613ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்கள் செய்த வியாபாரம் முழுவதற்கும் பழவேற்காடுதான் தலைநகர். இங்கிலாந்துக்காரர்களின் கம்பெனியும் 1611ல் இங்கே இடம் கேட்டு வந்தது. டச்சுக்காரர்கள் விடவில்லை. கப்பல் வடக்கே மசூலிப்பட்டணத்துக்குப் போய்விட்டது. அவர்கள் சென்னைக்கு வந்து கோட்டை கட்ட இடம் வாங்கியது 1639ல்தான். அன்றைக்கு இங்கே இடம் கிடைத்திருந்தால் பழவேற்காடே இன்னொரு சென்னை ஆகியிருக்குமோ என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆகாததும் நல்லதுக்குத்தான்.

டச்சுக் கம்பெனியின் பெயரை அவர்கள் மொழியில் சுருக்கினால் வி.ஓ.சி. என்று வரும். நம் சிதம்பரம் பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கினாலும் அதே மூன்று எழுத்துத்தான். அவரும் 1906ல் தூத்துக்குடியில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. ஒரு பங்கு 25 ரூபாய் என்று வைத்து ஜனங்களிடம் பணம் திரட்டிக் கப்பல் விட்டார். கம்பெனி என்ற சொல்லை அகராதியில் உள்ளபடியே நடத்திக்காட்டியவர் என்று அவரைத்தான் சொல்வேன். அதற்காக அவர் செக்கிழுத்தார்.

அந்தக் காலத்தில் நம் ஜனங்கள் இந்தச் சொல்லைக் 'கும்பினி' என்று ஆக்கிக்கொண்டார்கள். கட்டபொம்மன் கூத்து பார்த்தவர்களுக்குக் கும்பினியான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வரி கேட்பவன், துப்பாக்கி வைத்திருப்பவன். கூட உட்கார்ந்து சாப்பிடுபவன் என்ற பொருள் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. பழவேற்காட்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் துணி மட்டும் கப்பல் ஏறவில்லை. ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றி அனுப்பியது டச்சுக் கம்பெனி. இந்தக் கரை அவர்களுக்குக் கட்டுமரம் என்ற சொல்லைக் கொடுத்தது. அது இன்றைக்கும் ஆங்கில அகராதியில் இருக்கிறது. அவர்கள் நமக்குக் கொடுத்த சொல் கம்பெனி.

பிற்காலத்தில் தமிழ் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பழக்கி வைத்துக்கொண்டது. நாடகக் கம்பெனி வந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில்தானே எம்.ஜி.ஆர். சின்னப் பையனாகச் சேர்ந்தார்! அங்கே பையன்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பாடம் படித்தார்கள். கடையில் 'இது கம்பெனி சாமான்' என்றால் அசல் என்று அர்த்தம். பேரம் பேசினால் 'கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது' என்கிறான் ஒற்றை ஆளாகக் கீரை விற்கிறவன். நான்கு பேர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, குடிக்காத ஐந்தாவது ஆளிடம் 'சும்மா கம்பெனி கொடு' என்கிறார்கள். சிரிக்காதீர்கள், இந்தச் சொல்லின் மூலப் பொருளுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான். கூட உட்காரச் சொல்கிறார்கள். ஊறுகாயாவது மிஞ்சும்.

நம் ஏரிக்கரை ஊர்களில் இந்தச் சொல்லுக்கு வேறு பாதை. நான் வேலைக்கு வந்த புதிதில் கம்பெனிக்காரர் என்றால் இறால் வாங்க ஐஸ் பெட்டியோடு வருகிறவர். விலை அவர் சொல்வதுதான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வடசென்னை அனல் மின் நிலையம் 1990களில். அதை யாரும் கம்பெனி என்று சொல்லவில்லை, 'பவர் அவுஸ்' என்றார்கள். 2001ல் எண்ணூர்த் துறைமுகம். இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான முதல் துறைமுகம் அது. அதாவது சட்டப்படியே கம்பெனி. 2010ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், சென்னைக்கு. அதையொட்டிக் கப்பல் கட்டும் தளம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் பழைய இடத்தை விட்டு இடம் மாறியது. 2013ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் நடக்கத் தொடங்கியது. எல் அண்ட் டி கட்டியது, 2018ல் அதானி வாங்கியது.

இப்படி வரிசையாக வந்ததில் ஜனங்களுக்குப் பெயர்கள் முக்கியமில்லாமல் போய்விட்டன. பலகை மாறும், நிறம் மாறும், வாசலில் செக்யூரிட்டி மட்டும் இருப்பார். ஆகவே எல்லாமே கம்பெனி. ஆயா சொன்னது சரிதான். 'எந்த' என்று கேட்ட நான்தான் விவரம் தெரியாதவன்.

இப்போது என் பழைய மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், கம்பெனியின் பெயரும் வேண்டாம். நல்ல பையன். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 62 மார்க் வாங்கினான். எங்கள் பள்ளியில் அது பெரிய மார்க். அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் கம்பெனி வேலைக்குப் போனான். 11 வருடம். கம்பெனி சட்டை, கம்பெனி பஸ், கழுத்தில் அட்டை. அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள். போன வருடம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். சாதாரணச் சட்டை போட்டிருந்தான்.

"என்னப்பா, கம்பெனிக்குப் போகலையா?"

"நின்னுட்டாங்க சார்... நிறுத்திட்டாங்க."

"11 வருஷம் கம்பெனில இருந்தியேப்பா?"

"நான் எங்க சார் கம்பெனில இருந்தேன்? நான் காண்ட்ராக்ட்ல இருந்தேன்."

அவன் ஒன்றும் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவைப்பது போலப் பொறுமையாகச் சொன்னான். அப்புறம் டீ குடிக்கும்போது இன்னொன்றும் சொன்னான். அங்கே சாப்பாட்டுக்கூடம் இரண்டாம். கம்பெனி ஆட்களுக்கு ஒன்று, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று. "நம்மது ஷெட்டு சார். மழை வந்தா தட்டைத் தூக்கிக்கினு நிக்கணும்."

கூட உட்கார்ந்து சாப்பிடுவது என்று அகராதி சொல்கிறது. 11 வருடம் அவர்களோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடாதவனை, ஊரே கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அகராதிப்படி பார்த்தால் அவன் சொன்னதுதான் சரியான ஆங்கிலம். 62 மார்க் போட்டது குறைவு என்று அன்றைக்குத் தோன்றியது.

அப்படியானால் உண்மையான கம்பெனி நம் பக்கம் எங்கேதான் இருக்கிறது? என் பதில்: ஏரியில் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பாடு என்று நாம் சொல்கிறோமே, அதுதான்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீனும் இறாலும் விழாது. முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடம், உள்ளே தள்ளிப் போனால் சுமாரான இடம். வலிமை உள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் என்ன செய்வான்? அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போடும். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வரும். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். தலைக்கட்டுக்கு ஒரு உரிமை. அரசாங்கம் எழுதிக் கொடுத்த சட்டம் கிடையாது. பரம்பரையாக ஊர்க் கட்டுப்பாடு. தமிழில் பாடு என்றால் கஷ்டம் என்றும் பொருள், கடலில் கிடைப்பது என்றும் பொருள். இரண்டையும் முறைபோட்டுப் பிரித்துக்கொண்டார்கள் நம் பெரியவர்கள்.

படகிலும் அப்படித்தான். நான் பார்த்த படகுகளில் கரைக்கு வந்ததும் முதலில் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக் குழம்புக்கு மீன் எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம்தான் கணக்கு. படகுக்கும் வலைக்கும் உள்ள பங்கு போக, மீதி ஆளுக்கு ஒரு பங்கு. கவனியுங்கள், பங்கு என்ற அதே சொல்லைத்தான் கம்பெனிக்கும் வைத்திருக்கிறோம். பத்திரிகையில் பங்குச்சந்தை என்று போடுகிறார்கள். 1602ல் ஆம்ஸ்டர்டாமில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம் என்று பங்கை விற்ற கம்பெனி நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக் கம்பெனிதான். அங்கே பணம் போட்டவனுக்குப் பங்கு. இங்கே துடுப்புப் போட்டவனுக்கும் பங்கு. மீன் படாத நாளில் எல்லோருக்கும் பூஜ்யம், படகுக்காரருக்கும் சேர்த்து.

பாடு என்பது பொற்காலம் என்று சொல்லவரவில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பாட்டில் இடமில்லை. பெண்களுக்கு இல்லை, மீனைக் கூடையில் சுமந்து பொன்னேரி வரை விற்றவர்கள் அவர்கள்தான், ஆனால் சீட்டில் அவர்கள் பெயர் வராது. கூட்டாஞ்சோறு என்றாலும் தெருவில் சில பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டோம் இல்லையா, அது போல. அந்தக் குறையை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கம்பெனி வேலைக்குப் போகாதே என்றும் யாருக்கும் நான் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு என்ன தகுதி? மாதச் சம்பளம் வாங்கினேன், இப்போது பென்ஷன் வாங்குகிறேன். புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த தாயார், மகனுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. ஏரியில் முன்பு போல இறால் இல்லை. ஆயாவின் பெருமை எனக்குப் புரிகிறது. நான் சொல்லவருவது ஒன்றே ஒன்றுதான். 'கம்பெனி' என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சுமார் 330 ஏக்கரில் உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறக்குறைய 6,100 ஏக்கராக விரிவாக்க வேண்டும் என்பது திட்டம். கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் அதில் உண்டு. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. எப்போது கூட்டம் நடந்தாலும் மேடையில் இரண்டு சொற்கள் கட்டாயம் வரும்: கம்பெனி, வேலை. வேண்டும் என்பவர்களும் அதையே சொல்வார்கள், வேண்டாம் என்பவர்களும் அதையே சொல்வார்கள். எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும். ஏரியை நம்பி இருக்கிற ஒரு குடும்பத்திடம், ஏரிக்குப் பதிலாகக் கம்பெனி என்று சொல்லப்பட்டால், அந்த வேலை யார் பெயரில் வரும்? கம்பெனியின் பெயரிலா, காண்ட்ராக்ட்காரரின் பெயரிலா? எத்தனை வருடத்துக்கு? பாடு என்ற உரிமை அப்பனுக்குப் பின் மகனுக்கு வருகிறதே, இந்த வேலை அப்படி வருமா? வராது என்றால், அதற்கு என்ன ஈடு? இவற்றை வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்க வேண்டும். கேட்பதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு பழைய சங்கதியோடு முடிக்கிறேன். 1980களின் கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெண் பிள்ளைகள் பயந்து பின்னால் நின்றுகொண்டார்கள். நான் கெல்ட்ரியா, மஸ்லின், வெடிமருந்து என்று பாடம் நடத்தினேன். கடைசியில் அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி 1799ல் இல்லாமலே போய்விட்டது, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே வருடம் என்று சொன்னேன். ஒரு குப்பத்துப் பையன் கையைத் தூக்கினான்.

"அப்போ கம்பெனி செத்துப்போச்சா சார்?"

"ஆமாம்."

"நம்ம ஏரி அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

பையன் தலையை ஆட்டிக்கொண்டு போய் நிழலில் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். வீட்டிலிருந்து மீன் வறுவல் கொண்டுவந்தவர்கள் அதை நடுவில் வைத்தார்கள். என் தயிர்ச்சோற்றையும் அங்கேயே வைத்தேன்.

அடுத்த முறை அந்த ஆயாவைப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று கேட்கமாட்டேன். "உன் பேரன் மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடறான் ஆயா?" என்று கேட்பேன்.